இடது காதுக்கு மெழுகு

மெழுகு உள்ளங்கையிலேயே இளகிக்கொண்டிருந்தது. பூதி அத்தை கொடுத்தபோது கொட்டைப்பாக்கு மாதிரி கெட்டியாக இருந்தது. "இடது காதுல நல்லா அழுத்தி அடைச்சுக்க, வலது காதைத் தாத்தா வாய்கிட்ட வச்சுக்க, வேற எதையும் நெனைக்காத" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டாள். எதையும் நினைக்காதே என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், குரங்கை நினைக்காமல் மருந்து குடித்த கதைதான். தித்தன் எல்லாவற்றையும் நினைத்தான். ஜன்னலுக்கு வெளியே நண்பகலிலும் கலையாமல் நின்ற மூடுபனியை நினைத்தான், காலையில் பாதி குடித்து வைத்துவிட்டு வந்த கஞ்சியை நினைத்தான், சட்டையின் இடது மார்பில் துண்டுக்கு அடியில் சில்லென்று ஒட்டிக்கொண்டிருந்த ஈரத்தை நினைத்தான். அதை நினைத்ததும் மற்ற நினைப்பெல்லாம் நின்றுவிட்டது. துண்டை இழுத்து இன்னொரு மடிப்புப் போட்டுக்கொண்டான். ஐந்து விரல், ஒரு குதிகால், அச்சு அசலாக ஒரு குழந்தையின் பாதம். காலையில் அவன் கழுத்தில் உட்கார்ந்து, இரண்டு காலையும் மார்பில் தொங்கப்போட்டு, உதைத்துக்கொண்டே சரிவின் அடிவாரம் வரை வந்தவள் இறங்கும்போது தன் முத்திரையைக் குத்திவிட்டுப் போயிருக்கிறாள். சட்டை மாற்ற நேரமில்லை, ஆள் வந்துவிட்டது, தாத்தாவுக்கு முடியவில்லை, ஓதம் இறங்குவதற்குள் வா என்று. ஓதத்தார் கால் ஈரம் ஒரு பகலுக்குக் காயாது என்பது மேட்டுத் தெருவில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும்.

மேட்டுக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் சதுப்பில் இருப்பவர்கள்தான் ஓதத்தார். கடல் பொங்கி ஓதம் ஏறினால் படகில் இருப்பார்கள், நீர் வடிந்து இறங்கினால் சேற்றில் இருப்பார்கள். பாறையில் நடந்தாலும் சரி, வெயிலில் நடந்தாலும் சரி, துணியால் துடைத்துவிட்டு நடந்தாலும் சரி, அவர்கள் கால் பட்ட இடம் ஈரமாகும். அவ்வளவுதான் வித்தியாசம். மற்றபடி அவர்களுக்கும் பசித்தால் சோறு, அடித்தால் அழுகை. ஆனால் அந்த ஒன்றுக்காக மேட்டுத் தெருவில் ஒவ்வொரு வீட்டு நிலைப்படியிலும் சாம்பல் பரப்பியிருக்கிறார்கள், ஈரக்கால் உள்ளே வந்தால் தடம் காட்டிக்கொடுக்கட்டும் என்று. அப்படிப் பரப்ப வேண்டும் என்று முதலில் சட்டம் போட்டது இந்த வீட்டுக் குரல்தான். தாத்தா கட்டியர் "ஈரக்காலி" என்று சொல்லிக் கேட்க வேண்டும், சோற்றில் வந்த முடியை நாக்கு நுனியால் தள்ளுவது போலத் தள்ளுவார். அந்த ஈரக்காலிகளில் ஒருத்தியைத்தான் நான்கு வருடத்துக்கு முன் தித்தன் கட்டிக்கொண்டான். ஓதத்தில் பிள்ளை பிறந்த அன்று அலை முதலில் எதைக் கொண்டுவருகிறதோ அதுதான் பெயர். அவளுக்கு ஓர் அலரிப்பூ வந்தது, அலரி என்று வைத்தார்கள். அவன் மகள் பிறந்த அன்று அறுந்த வலையிலிருந்து ஒரு மிதப்பு வந்தது, தக்கை என்று வைத்தார்கள். "நல்லவேளை, பழைய செருப்பு எதுவும் வரல" என்று அலரி வலியோடு வலியாகச் சிரித்தாள். தக்கைக்கு வலது கால் மேட்டுக் கால், உலர்ந்தது. இடது கால் ஓதத்துக் கால். அவள் நடந்துபோன தரையைப் பார்த்தால் ஒற்றைக் கால் பிள்ளை ஒன்று நொண்டியடித்துப் போன மாதிரி இருக்கும். மேட்டில் இது ஒருவருக்கும் தெரியாது. உப்பளத்தில் வேலை, அங்கேயே தங்கல் என்று அத்தையிடம் சொல்லி வைத்திருந்தான். அத்தை நம்பினாள். தாத்தா நம்பினாரா என்று அவன் ஒரு நாளும் அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளத் துணிந்ததில்லை.

மெழுகை உருட்டினான், தட்டையாக்கினான், மறுபடி உருட்டினான். மகனுக்கு வீடு, பேரனுக்குக் குரல் என்பது மேட்டுத் தெரு வழக்கம். பெரியவர் போகும்போது அவர் குரல் வாய் வழியாகக் கிளம்பும், பேரன் வலது காதைக் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். இடது காது திறந்திருந்தால் வந்தது அந்தப் பக்கமாகப் போய்விடும், அதற்குத்தான் மெழுகு. வாங்கிய பேரன் வாயைத் திறந்தால் தாத்தா பேசுவார். குரலோடு போகட்டும் என்றால் அது தனியாக வருவதில்லை. சட்டியை வாங்கினால் அடியில் ஒட்டின கரியும் சேர்ந்துதான் வரும். எதிர்வீட்டுச் சேந்தன் போன வருடம் வாங்கினான். எதற்கெடுத்தாலும் சிரிக்கிற பயல், பெண்டாட்டியை "ராசாத்தி" என்று தெருவே கேட்கக் கூப்பிட்டவன். மறுநாள் காலையில் அவன் வீட்டிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டுத் தித்தன் சாலையில் நின்றுவிட்டான். செத்துப்போன கிழவர் உயிரோடு இருந்தபோது தன் பெண்டாட்டியை என்னென்ன சொன்னாரோ அத்தனையையும் சேந்தன் சொல்லிக்கொண்டிருந்தான். வாய் அவனுடையது, கண் மட்டும் யாரோ பின்னால் நின்று தள்ளுகிற மாதிரி பயந்து போயிருந்தது. இப்போது ஆறு மாதம் ஆயிற்று, கண்ணும் பழகிவிட்டது. இன்றைக்குத் தான் சரிவில் இறங்கிப் போனால் தக்கை ஓடிவருவாள். அப்போது தன் வாயிலிருந்து ஈரக்காலி என்ற அந்தச் சொல் வந்தால்? அவளுக்குப் பொருள் தெரியாது, புதுப்பேர் வைத்திருக்கிறார் அப்பா என்று அதையே திருப்பிச் சொல்லிக் கைதட்டுவாள்.

"தொண்டை குறுகல்" என்றது குரல். தித்தன் நிமிர்ந்தான். தாத்தாவின் உதடு மூடியிருந்தது. மூன்று நாளாக அந்த உதடு அசையவில்லை என்று அத்தை சொல்லியிருந்தாள், குரல்தான் பேசிக்கொண்டிருந்தது, கழுத்துக்குள்ளிருந்து, சில சமயம் நெஞ்சுக்குள்ளிருந்து, ஒரு முறை கட்டிலுக்கு அடியிலிருந்து வந்ததோ என்று குனிந்துகூடப் பார்த்தான். "தொண்டை குறுகல். பல்லு பரவால்ல. நெஞ்சுக்கூடு அகலம் போதும்." வாடகைக்கு வீடு பார்க்க வந்தவன் சுவரைத் தட்டிப் பார்க்கிற மாதிரி அது அவனைப் பார்த்தது. கண் இல்லாத ஒன்று எப்படிப் பார்க்கும் என்று கேட்டால் பதில் கிடையாது, பார்த்தது, அவன் தோலில் தெரிந்தது. பிறகு அவனை விட்டுவிட்டு யார் யாரையோ அதட்டியது. தாத்தா பிறப்பதற்கு முன் செத்த நாய்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. எந்தக் காலத்திலோ வந்த ஒரு வெள்ளத்தைப் பற்றி, படகைப் பிடித்துக்கொண்டு தொங்கிய யாருடைய விரல்களையோ பற்றி, "தட்டி விடு, தட்டி விடு, ஈரக்காலிங்கதான், மிதப்பானுங்க" என்றது. தித்தன் காதைப் பொத்திக்கொண்டான். பொத்தின கையில் மெழுகு பிசுபிசுத்தது. தேன் வாசனை வந்தது. இந்த நேரத்தில் தேன் வாசனை என்னத்துக்கு என்று கோபம் வந்தது, கோபப்பட வேறு ஆள் கிடைக்கவில்லை.

தாத்தாவின் பாதங்களைப் பார்த்தான். போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டு, நகம் வளைந்து, காய்ந்த மண் போல வெடித்த குதிகால்கள். இந்த வீட்டில் அவருடைய கால்தான் அவனுக்கு நன்றாகத் தெரியும், முகத்தைவிட. அப்பா மூடுபனியில் சதுப்பில் இறங்கி வழிதவறிப் போன வருடத்திலிருந்து ஒவ்வொரு சாயங்காலமும் தாத்தா ஒரு தட்டில் சாம்பலைப் பரப்பி வைத்துக்கொண்டு, "வாடா, மிதி" என்பார். தித்தன் மிதிப்பான். அவர் குனிந்து தடத்தைப் பார்ப்பார், விரலால் தொட்டுப் பார்ப்பார், தூள் ஒட்டாமல் உதிர்ந்தால் "ம், போ" என்பார். கொஞ்சல் என்றால் அதுதான் கொஞ்சல். மற்றப் பிள்ளைகளின் தாத்தாக்கள் மடியில் வைத்துக்கொண்டார்கள், அவன் தாத்தா சாம்பலில் மிதிக்க வைத்தார். ஆனால் மிதிப்பதற்கு முன் அவன் காலைத் தானே கழுவி, விரல் இடுக்கெல்லாம் துண்டால் துடைப்பார், மெதுவாக, கிச்சுக்கிச்சு மூட்டாமல். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. அலரியிடம்கூட. ஒன்பது வயதில் ஒரு நாள் சதுப்பின் ஓரத்தில் அலரியோடு நண்டு பிடித்துவிட்டு வந்தான், அன்றைக்கு அவர்கள் ஒருவர் தடத்தில் ஒருவர் கால் வைத்து நடக்கும் விளையாட்டு. சாயங்காலம் மிதித்தபோது சாம்பல் பாதத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. தட்டில் கறுப்பாக ஒரு ஈரத் தடம். செத்தோம் என்று நினைத்தான். தாத்தா வாயை இறுக்கி மூடிக்கொண்டு, தன் வலது காலைத் தூக்கி அந்தத் தடத்தின் மேல் வைத்துப் பரபரவென்று தேய்த்து அழித்தார். தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் கவிழ்த்தார். அதற்குப் பிறகு சாம்பல் தட்டு வரவே இல்லை. அந்த இரவெல்லாம் அடி எப்போது விழும் என்று காத்திருந்தான், பதினெட்டு வருடமாயிற்று, இன்னும் விழவில்லை.

அடியைவிட அதுதான் அவனைப் பிடித்து வைத்திருந்தது. வெறுமனே கொடியவராக இருந்திருந்தால் எழுந்து போய்விடலாம். அதற்கும் முன்னால், ஆறு வயதில், நான்கு நாள் காய்ச்சல். எங்கோ ஒரு வெள்ளை இடத்தில் நடந்து போய்க்கொண்டிருந்தான், கால் வலிக்கவில்லை, பசிக்கவில்லை, திரும்பிவரத் தோன்றவும் இல்லை. அப்போது பின்னாலிருந்து, "தித்தா, திரும்பி வா." கெஞ்சல் இல்லை, அதட்டல். அந்தக் குரலை மீறி அவனுக்குப் பழக்கமில்லை, அதனால் திரும்பி வந்தான். பயத்தில்தான் பிழைத்தான் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அந்தக் குரலைத்தான் இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லப்போகிறாயா? உன்னைக் கூப்பிட்டுக் கொண்டுவந்ததைத் தெருவில் விடப்போகிறாயா? கண் விழித்தபோது இன்னொன்றும் கேட்டது, அது காய்ச்சலின் பிதற்றலாக இருக்கும். யாரோ ஒரு இளவட்டம் அறையின் மூலையில் மெல்லமாக, வெட்கப்பட்டுக்கொண்டு, வார்த்தையில்லாமல் ஒரு மெட்டை முனகிக்கொண்டிருந்தான். அறையில் தாத்தாவைத் தவிர யாரும் இல்லை. இதை அத்தையிடம் சொன்னபோது அவள் பிசைந்துகொண்டிருந்த மாவை அப்படியே விட்டுவிட்டாள். பூதி அத்தை தாத்தாவுக்குக் கூடப்பிறந்த தங்கை, அப்பாவுக்கு அத்தை, அதனால் ஊருக்கே அத்தை. "எங்க அண்ணன் நல்லாப் பாடுவான்டா" என்றாள். "பத்தொன்பது வயசுல அவன் தாத்தாகிட்ட குரல் வாங்கினான். அன்னைக்கோட சரி. எனக்கு அப்பப் பன்னெண்டு வயசு. வாங்கிட்டு வெளிய வந்து மொதமொதல்ல என்னைப் பாத்து, கதவுகிட்ட நிக்காத மூதேவின்னான். அவன் என்னை அப்பிடி வஞ்சதே இல்ல." சொல்லிவிட்டு மறுபடி மாவைப் பிசைந்தாள். கிழவிகள் எதையாவது சொல்வார்கள் என்று அவன் அதை மறந்துவிட்டான். மறந்ததாக நினைத்துக்கொண்டிருந்தான்.

நேற்று, தாத்தாவுக்கு முடியவில்லை, குரல் வாங்கும் நாள் நெருங்குகிறது என்று அலரியிடம் சொன்னபோது அவள் வலையை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். "வாங்காம விட்டா என்ன ஆகும்?" என்று கேட்டாள். ஏழாம் வீட்டுக் கதையைச் சொன்னான். அந்த வீட்டுப் பேரன் ஓடிப்போய்விட்டான், குரல் ஒரு மாதம் காலி வீட்டில் தண்ணீர் கேட்டுக்கொண்டு கிடந்தது, கடைசியில் திறந்த காது எது கிடைத்ததோ அதில் புகுந்துகொண்டது. அது ஒரு ஆடு. அந்த ஆடு கனைத்தால் தெருவே வேட்டியை இறக்கிவிட்டு எழுந்து நின்றது. தித்தன் சிரிக்காமல்தான் சொன்னான், அலரி சிரித்துவிட்டாள். பிறகு, "கீழ வந்தா ஒண்ணும் ஆகாது" என்றாள். "எறங்குற ஓதத்தோட மேட்டுக் குரலு நெறைய வருது. சேத்துக்குள்ள, நண்டு வளைக்குள்ளல்லாம் கெடந்து எங்களைத் திட்டும். ஈரக்காலி, ஈரக்காலின்னு. நாங்க திரும்பிப் பாக்க மாட்டோம். கொஞ்ச நாள்ல தொண்டை வத்திப் போயிரும்." முடிச்சை இறுக்கினாள். "வளைக்குள்ள இருந்து திட்டினா எனக்குப் பயமில்ல. வீட்டுக்குள்ள உக்காந்து நீ திட்டினா, நான் இவளைத் தூக்கிட்டுப் போயிருவேன். போன பெறகு கூப்பிடாத." அவள் அதட்டவில்லை, அழவில்லை, நாளைக்கு மீன் கிடைக்குமா என்று கேட்கிற மாதிரி சொன்னாள். அதனால்தான் அது அப்படியே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. இப்போது அவர்கள் இரண்டு பேரும் சரிவின் அடிவாரத்தில், பாறைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். அவன் வந்து என்ன பேசுகிறான் என்று கேட்பதற்காக.

சதுப்பிலிருந்து சத்தம் வந்தது, லட்சம் வாய்கள் ஒரே நேரத்தில் எதையோ உறிஞ்சுவது போல. ஓதம் இறங்கத் தொடங்கிவிட்டது. மேட்டில் உயிர் போவதெல்லாம் அந்த நேரத்தில்தான். கதவுக்கு அப்பால், "எறங்குதுடா, காதை வை" என்றாள் அத்தை. தித்தன் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து குனிந்தான். தாத்தாவின் மூச்சில் வெற்றிலையும் மருந்தும் கலந்த வாடை. அதற்கு அடியில் வேறு ஒரு வாடை, பூட்டியே கிடந்த பெட்டியைத் திறந்தால் வருவது. "மெழுகு வச்சியா?" என்றது குரல், காதுக்குள் நேராக. இருபத்தேழு வருடத்தில் அந்தக் குரலிடம் அவன் ஒரு பொய் சொன்னதில்லை. சொல்லாமல் மறைத்திருக்கிறான், அது வேறு. "வச்சிட்டேன்" என்றான். மெழுகு மூடிய வலது கைக்குள் நசுங்கிக்கொண்டிருந்தது. ஒரு கணம் அது யோசிப்பது தெரிந்தது. பிறகு வந்தது. குளத்தில் முங்கும்போது காதில் தண்ணீர் புகுமே, அதே மாதிரி முதலில் ஒரு அடைப்பு, பிறகு குளிர், பிறகு மண்டை முழுவதும் அதுதான். கதவைச் சாத்து. சாம்பலைக் கொட்டு. தலையை நிமிர்த்து. யார்டா அது வாசல்ல. தாத்தா சொன்னவை, தாத்தாவின் தாத்தா சொன்னவை, அதற்கும் பின்னால் வார்த்தையே இல்லாத வெறும் அதட்டல்கள். அவன் நாக்கு தானாக எழுந்து மேலண்ணத்தில் ஒட்டியது, உதடு இழுத்துக்கொண்டது, "ஈ" என்று ஒரு எழுத்து பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. வெட்கக்கேடு, உண்மையைச் சொல்ல வேண்டும், அது நன்றாகத்தான் இருந்தது. இனி யாரிடமும் எதையும் மறைக்க வேண்டாம், யாருக்கும் பயப்பட வேண்டாம், தான் சொன்னால் தெரு எழுந்து நிற்கும். நாக்கைக் கடித்தான். ரத்தம் உப்புக் கரித்தது. உப்புக் கரித்ததும் தக்கையின் கழுத்து வாசனை ஞாபகம் வந்தது, அவ்வளவுதான், அவன் எதையும் பிடித்துவைக்காமல் விட்டான். இடது காது சுட்டது. அறையில் ஏதோ ஒன்று, தடுக்கி விழப்போனவன் மாதிரி, வேகமாகக் கடந்து போனது. கதவு இடுக்கின் வழியாக நிலைப்படிச் சாம்பல் ஒரு முழ உயரம் எழும்பி, நடுவில் கோடு கிழித்த மாதிரி பிளந்து, இரண்டு பக்கமும் உதிர்ந்தது. கோட்டில் கால் தடம் எதுவும் இல்லை.

வெளியே பனிக்குள் அது திகைத்து நின்றது போலிருந்தது. பிறகு, "தித்தா" என்றது. "தித்தா, திரும்பி வா." அதே அதட்டல், அதே மூன்று சொல், காய்ச்சலின் வெள்ளைக்குள் வந்து கையைப் பிடித்து இழுத்த சொல். அவன் உடம்பு பாதி எழுந்துவிட்டது. கட்டில் கட்டையைப் பிடித்துக்கொண்டான். பதில் சொன்னால் போதும், ஓடிவந்து திறந்த காதில் புகுந்துகொள்ளும். மூன்று தடவை கூப்பிட்டது. மூன்றாவது தடவையில் அதட்டல் குறைந்து, தனக்கே வழி தெரியாத ஒன்றின் பயம் அதில் இருந்தது. பிறகு சரிவில் இறங்கத் தொடங்கியது, ஓதம் இழுக்கிற பக்கமாக, யாரையோ வைதுகொண்டே, சின்னதாகிக்கொண்டே. தித்தன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். தாத்தாவை விரட்டிவிட்டோம் என்று அழுதான்.

"சில்லுனு இருக்குடா."

தித்தன் திடுக்கிட்டான். தாத்தாவின் கண் திறந்திருந்தது. உதடு அசைந்தது. குனிந்தபோது துண்டு நழுவியிருந்தது, அவருடைய கை அவன் மார்பில் அந்த ஈரத்தின் மேல் கிடந்தது. பேசியது எண்பத்தொரு வயதுத் தொண்டை, ஆனால் குரல் எண்பத்தொரு வயதுக் குரல் இல்லை. மெல்லியது, பழக்கமில்லாதது, சொல் ஒவ்வொன்றையும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து வைத்தது. இருபது வயதுகூட ஆகாத ஒரு பையன், புது இடத்தில், வெட்கத்தோடு. "யாரு காலுடா?" என்றான் அந்தப் பையன். "எம் மக" என்றான் தித்தன். "பேரு?" "தக்கை." கிழவரின் முகம் சுருங்கி விரிந்தது, சிரிப்பு என்று புரிய நேரமாயிற்று, அந்த முகத்தில் அதை அவன் பார்த்ததே இல்லை. "தக்கையா? இதென்னடா பேரு." "அலைல அது ஒண்ணுதான் வந்துச்சு தாத்தா." விரல் ஒன்று மெதுவாக நகர்ந்து, ஈரத்தில் பெருவிரலைத் தொட்டது, அடுத்ததைத் தொட்டது, சுண்டுவிரல் வரை போனது. "ஒத்தைக் காலா?" "எடது மட்டும்." "ம்." மூச்சு இழுத்தது, தித்தன் அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தான், வந்தது. "ஒன் தடத்தை நான் அழிச்சேன்டா அன்னைக்கு. அது பாக்குறதுக்குள்ள அழிச்சேன். வாய் என்கிட்ட இல்ல. காலு மட்டும் இருந்துச்சு." கை மறுபடியும் அந்தச் சின்னப் பாதத்தின் மேல் விரிந்து படுத்துக்கொண்டது. "இதை அழிக்காத."

அதற்குப் பிறகு வார்த்தை வரவில்லை. மெட்டு வந்தது. தித்தனுக்குத் தெரிந்த மெட்டு, ஆறு வயதில் காய்ச்சலின் விளிம்பில் மூலையிலிருந்து வந்தது. அன்றைக்கும் அறையில் வேறு யாரும் இல்லை என்பது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அதட்டிக் கூப்பிட்டது ஒன்று, வந்த பிறகு விடிய விடியப் பாடியது இன்னொன்று. அறுபத்திரண்டு வருடமாக அந்த முரட்டுக் குரலுக்கு அடியில், அது அயர்ந்த நேரம் பார்த்து, இவர் இப்படித் திருட்டுத்தனமாக வாழ்ந்திருக்கிறார். தன்னைப் போலவே. நானும் ஒளித்தேன், நீங்களும் ஒளித்தீர்கள், ஒரே வீட்டில், தாத்தா, இரண்டு திருடன்கள். மெட்டு தேய்ந்துகொண்டே வந்தது. ஓதத்தின் சத்தம் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. தித்தன் மூடிய கையைத் திறந்தான். மெழுகு நசுங்கி, அவன் ரேகையெல்லாம் பதிந்து, கஞ்சி மாதிரி இளகிக் கிடந்தது. வழித்து எடுத்து இடது காதில் அடைத்தான். கொஞ்சம்கூட இடைவெளி விடாமல் அழுத்தி அடைத்தான். பிறகு வலது காதை அந்த வாயோடு வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, வருவது வரட்டும் என்று இருந்தான். வந்ததில் கனமே இல்லை, வந்ததா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. மார்பில் கிடந்த கை மட்டும் நழுவிப் போர்வையில் விழுந்தது.

எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தானோ. கதவு திறந்தது. பூதி அத்தை செம்பில் தண்ணீரோடு வந்தாள், குரல் வாங்கியவன் வாய் கொப்பளிக்க. நிலைப்படியில் சாம்பல் பிளந்து கிடந்ததைப் பார்த்து ஒரு கணம் நின்றாள், தாண்டி வந்தாள், அண்ணனின் கண்ணை மூடினாள். அழவில்லை. மேட்டுத் தெருவில் குரல் கேட்ட பிறகுதான் அழுவார்கள். அவன் பக்கம் திரும்பும்போதே தோளைக் குறுக்கிக்கொண்டாள், வையப்போகிறவனுக்கு முன்னால் நிற்கிற மாதிரி, பன்னிரண்டு வயதில் நின்ற மாதிரி. "வாங்கிட்டியா?" என்றாள். "பேசு." தித்தனுக்கு வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. அதில் ஒரு துணுக்கு உள்ளே எங்காவது, பல்லிடுக்கில், ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டிருந்தால்? "ஈ" என்று அந்த எழுத்து வந்து நின்ற இடம் இன்னும் கூசியது. துண்டு கீழே கிடந்தது, அவன் எடுக்கவில்லை. ஈரப் பாதம் ஐந்து விரலோடு மார்பில் பளிச்சென்று இருந்தது. அத்தை அதைப் பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டாள் என்று அவனும் பார்த்தான். கீழே பாறைக்குப் பின்னால் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள். அத்தே என்று கூப்பிடத்தான் வாயைத் திறந்தான்.

"பூதி" என்றது வாய், மெல்ல, வெட்கத்தோடு. "அழாத புள்ள. கொழந்தை ஒண்ணு வருது. வாசல்ல அந்தச் சாம்பலைக் கொஞ்சம் கூட்டி விடேன்."

செம்பு அவள் கையிலிருந்து விழுந்து உருண்டது. தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. அவள் அதைப் பார்க்கவில்லை. அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, தன் காதைக் கிட்டத்தில் கொண்டுவந்து, இன்னொரு தடவை சொல்லச் சொல்வது போல நின்றாள்.

"அண்ணே" என்றாள். "எம்புட்டு நாளாச்சுண்ணே நீ பேசி."

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கதவுக்குப் பின்னால் கிடந்த விளக்கமாற்றை எடுத்தாள்.